முட்டிவலியும் காலண்டரும்

எழுபதுகளின் கடைசியில் ஒரு காலாட்படைப் பட்டாலியனுக்கு நான் டாக்டர். எம்.ஐ. ரூம் என்ற மருத்துவ அறையின் வாசலில் காலையில் நிற்கும் சிக் ரிப்போர்ட் வரிசையை வைத்தே அன்றைய நிகழ்ச்சி நிரலைச் சொல்லிவிடலாம். ஞாயிறன்று ஈ காக்காய் இருக்காது. துப்பாக்கியும் மூட்டையுமாக ஓட்டப் பரீட்சை என்றால் பாதிப் பட்டாலியனுக்கு முட்டி வலிக்கும். ஒருவன் வலது காலை நொண்டிக்கொண்டு வந்தான். வெளியே போகும்போது இடது கால் நொண்டியது. என் நர்சிங் அசிஸ்டென்ட் அனுபவஸ்தர். ஸ்டெதஸ்கோப்பை நான் எடுக்குமுன்பே சுவர்க் காலண்டரைப் பார்த்துவிட்டு, "மெடிசின் அண்ட் டியூட்டி, சாப்" என்பார். மருந்தைக் கொடு, வேலைக்கு அனுப்பு. மருந்து என்றால் ஏ.பி.சி. மாத்திரைதான். தலைவலி, முதுகுவலி, மாமியார் கடிதம் எல்லாவற்றுக்கும் அதுவே. அதிலிருந்த ஃபெனாசிட்டின் சிறுநீரகத்துக்கு ஆகாது என்று பிற்பாடு தடைசெய்தார்கள். நல்லவேளை, பாதிப் பேர் அதை விழுங்காமல் வேலிக்கு அப்பால் எறிந்திருந்தார்கள்.

அதிகாரிகள் கதை நேர் எதிர். மனம், காது, கைகால், உடல், கண் ஐந்திலும் பழுதில்லை என்றால் 'ஷேப் ஒன்'. பதவி உயர்வுக்கு அது வேண்டும். எனவே மெடிக்கல் போர்டு நெருங்க நெருங்க மெஸ்ஸில் ரம் குறையும், வெள்ளரிக்காய் கூடும். ஒரு மேஜருக்கு ரத்த அழுத்தம் எகிறியிருந்தது. "இன்னொரு தடவை பாருங்க டாக்டர், இப்பத்தான் படியேறி வந்தேன்" என்றார். எம்.ஐ. ரூமுக்குப் படியே கிடையாது.

லடாக்கின் லேயில் நான் இருந்தபோது எல்லாம் தலைகீழ். சுமார் 11,500 அடி உயரம். விமானத்தில் வந்து இறங்கியவனுக்கு முதல் இரண்டு நாள் முழு ஓய்வு, பிறகு மெதுநடை; ஆறு நாள் கழிந்தால்தான் அதற்கு மேலே அனுப்புவோம். அவசரப்பட்டால் நுரையீரலில் நீர் கோத்து ஆளையே கொண்டுபோய்விடும். சமவெளியில் ஓய்வுக்காக நொண்டியவர்கள், இங்கே உத்தரவு போட்டுப் படுக்க வைத்தால் படுப்பார்களா? பின்பக்கமாக நழுவி வாலிபால் ஆடினார்கள். தலைவலி இருக்கிறதா என்று கேட்டால் ஒருவர் பாக்கியில்லாமல் "இல்லை சாப்!"

இப்போது ஓய்வு பெற்றுக் கோவையில் ஓர் அடுக்ககத்தில் இருக்கிறேன். சீருடை போனதே தவிர, தொழில் மாறவில்லை. மூன்றாம் மாடிக்காரருக்கு இன்ஷூரன்ஸ் விண்ணப்பத்தில் சர்க்கரை கிடையாது. அதே மனிதருக்கு ஆபீஸ் லீவு லெட்டரில் எல்லாமே உண்டு. அவர் வீட்டுக் காலண்டரையும் நான் பார்த்துவிட்டுத்தான் பேசுவது.

போன மாதம் பேரன் போன் செய்தான். முந்தின நாள்தான் விமானத்தில் லேயில் போய் இறங்கியிருக்கிறான். அதற்குள் பைக்கில் கார்துங் லா கணவாயின் உச்சியில், பதினேழாயிரம் அடிக்கு மேலே நிற்கிறான்.

"தாத்தா, லேசா தலைவலி. ஒரு மாத்திரை பேர் சொல்லுங்களேன்."

"மாத்திரை கெடக்கட்டும். மொதல்ல கீழே எறங்குடா. லேயில ரெண்டு நாள் படு."

"நாளைக்கு ஃபிளைட், தாத்தா. லீவு இல்ல."

"மூச்சு வாங்குதா? உதடு நீலமா இருக்கா?"

"நீங்களே பாத்துச் சொல்லுங்க. அனுப்பிட்டு எறங்கிடறேன்."

படம் வந்தது. விரலால் பெரிதாக்கி உதட்டைத் தேடினேன். ஃபில்டர் போட்டு ரோஜா நிறமாக்கி அனுப்பியிருந்தான்.