உத்தியோகப் பெருந்தகைக்கு ஒரு வாழ்த்துமடல்

செயற்கை நுண்ணறிவை ஆட்டிவைக்கும் கலையில் ஊவா மாகாணம் ஈன்றெடுத்த ஈடிணையற்ற பெருந்தகையே, வணக்கம்!

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் ஊவாவின் மீரியபெத்த தோட்டத்தில் மலை தொழிலாளர் லயங்களின் மேல் சரிந்தது. அங்கே குடியிருப்பது ஆபத்து என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். அதைக் கண்டுகொள்ளாமல் இருக்க அக்காலத்துப் பெரியோர்களுக்கு ஒன்பது ஆண்டுகள் பிடித்தன. தாங்களோ ஒரு நிமிடத்தில் இடர் அறிக்கையை எழுதி வாங்கி, அதே நிமிடத்தில் வாசிக்காமலே கோப்பில் சேர்த்துவிடுகிறீர்கள். என்னே வேகம்!

சிற்றறிவினர் பெரிய வேலையைப் பிரித்துப் பிரித்துக் கொடுப்பார்கள்; மூல ஆவணத்தை முன்னே வைப்பார்கள்; வந்ததை வரிக்கு வரி ஒத்துப் பார்ப்பார்கள். தாங்கள் "மலையகத்தைக் காக்கத் திட்டம் தருக" என்று ஒரே வரியில் திருவாய் மலர்ந்தீர்கள். எந்திரமும் உலகில் இல்லாத ஆய்வொன்றைச் சான்றாகச் சமைத்துப் படைத்தது. விருந்தில் உப்புப் பார்ப்பது பண்பல்லவே! அப்படியே உண்டீர்கள்.

மண்சரிவு எச்சரிக்கை பற்றிய சிங்களச் சுற்றறிக்கையைத் தமிழாக்கிய நேர்த்தியை எப்படிப் புகழ்வேன்? 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தால் விழிப்பு, 100 ஆனால் ஆயத்தம், 150 தாண்டினால் வெளியேற்றம் என்று மூலம் வறட்டுத்தனமாய்க் கிடந்தது. தங்கள் எந்திரப் புலவர் அதை, 'மழை மிகுந்தால் மதிப்பிற்குரிய குடியிருப்பாளர்கள் அவதானமாக இருக்குமாறு அன்புடன் வேண்டப்படுகின்றனர்' என்று இழைத்துத் தந்தார். நடுச்சாமத்தில் டோர்ச் அடித்து மழைமானியைப் பார்க்கும் தோட்டத்துப் பொடியனுக்கு இனி இலக்கம் தேடும் தொல்லையே இல்லை. 'மதிப்பிற்குரிய' என்று அவனை யாரும் அழைத்ததும் இல்லை. அந்தக் குளிரிலேயே தூங்கிவிடுவான்.

கொடையிலும் தங்களுக்கு நிகரில்லை. இடம்பெயர வேண்டிய குடும்பங்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், யார் கர்ப்பிணி, யார் நடக்கமாட்டாத கிழவர் என்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் எந்திரத்திடம் கொட்டி, அட்டவணை போடச் சொன்னீர்கள். சொந்த முகவரியே இல்லாமல் லயத்தில் கிடந்தவர்கள் இன்று கடல் கடந்த கணினிகளில் வீற்றிருக்கிறார்கள். பாரி தன் தேரைத்தான் கொடுத்தான். தாங்கள் பிறருடையதையே கொடுத்தீர்கள்!

பிழை கண்டு எவராவது வாய் திறந்தால் "சிஸ்டம் அப்படித்தான் சொன்னது" என்று ஒதுங்கிக்கொள்ளும் அடக்கமோ முனிவர்க்கும் வாய்க்காதது. அடுத்த பருவமழைக்கான அனுதாபச் செய்தியையும் மும்மொழியிலும் இப்போதே எழுதி வாங்கி, எண்ணிக்கைக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருக்கிறீர்களாமே. தங்களை மிஞ்ச ஒருவர் இனிப் பிறந்துதான் வர வேண்டும்.