குளிர்கேட்டியல்

குளிர்வண்டியில் ஏற்றிய சரக்கு கெட்டால் ஊரார் ‘கூலிங் நிக்கலை’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள். பட்டறைக்கும் இன்சூரன்ஸ் ஆபீசுக்கும் அலைந்த நாமக்கல் லாரிக்காரரிடம் கேட்டால் விரித்துரைப்பார். அவர் கணக்கில் குளிர்கேடு மூவகைப்படும்: புறக்கேடு, அகக்கேடு, பெயரிலாக் கேடு.

புறக்கேடாவது வண்டி மோதியோ கவிழ்ந்தோ தீப்பிடித்தோ சரக்கு அழிவது. ஐஸ்கிரீம் வண்டி பள்ளத்தில் கிடந்தால் சர்வேயர் படம் எடுத்துக்கொண்டு போவார். இதில் ஆராய அதிகமில்லை.

அகக்கேடு அப்படியன்று. வண்டி ஒரு கீறலும் இல்லாமல் நிற்கும். உள்ளே மைனஸ் 18-இல் இருக்கவேண்டிய இறால் இளகிக்கொண்டிருக்கும். பெல்ட் அறுந்திருக்கும், கேஸ் இறங்கியிருக்கும், அல்லது கம்ப்ரஸர் நின்றிருக்கும். வண்டிக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பார் புதிதாகத் தொழிலுக்கு வந்தவர். இருக்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியது தேர்ட் பார்ட்டியை மட்டும். அதற்குமேல் ஓன் டேமேஜ் போட்டாலும், தேய்மானமும் தானாக வரும் இயந்திரக் கோளாறும் மின் கோளாறும் அதில் சேரா. அந்தக் காகிதத்துக்கு வண்டியினுள்ளே கிடக்கும் இறாலைப் பற்றி அக்கறையும் இல்லை.

சரக்குக்கு வேறு காகிதம் வேண்டும். அதற்குப் பெயர் டிரான்சிட் பாலிசி. தரையில் ஓடும் லாரியின் சரக்குக்கும் வழிகாட்டுவது 1963-ஆம் ஆண்டின் கடல்சார் காப்பீட்டுச் சட்டம் என்பதை மாணவர் மனத்திற்கொள்க. அதன் 55-ஆம் பிரிவு, பாலிசியில் வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒழிய, தாமதத்தால் வந்த நட்டத்தையும் பொருளின் இயல்பிலேயே உள்ள கேட்டையும் விலக்குகிறது. இளகுவது இறாலின் இயல்பா, கம்ப்ரஸரின் குற்றமா என்று ஒரு வழக்காடு மன்றமே வைக்கலாம். ஆகவே, குளிர்யூனிட் பழுதானால் பணம் உண்டு என்று தனியே எழுதி வாங்குவார்கள் விவரம் தெரிந்தவர்கள்.

எழுதி வாங்கியபின் தோன்றுவது மணிக்கேடு என்னும் உட்பிரிவு. உறைந்த உணவுக்காக லண்டனில் 1986-இல் வகுத்த விதிகளில், இயந்திரம் தொடர்ந்து 24 மணி நேரமாவது நின்றிருந்தால்தான் அது பழுது. கப்பல் சரக்குக்கு அது பொருந்தலாம். சித்திரை வெயிலில் விக்கிரவாண்டி டோல்கேட்டில் நிற்கும் லாரிக்கு அந்த மணிக்கணக்கை ஒட்டினால், இருபதாவது மணியில் ஓடிவந்து பெல்ட் மாட்டிய மெக்கானிக் உபகாரியா, எதிரியா? உரையாசிரியர் இருவர் கூடினால் மூன்று கருத்து வரும். பாலிசியில் எத்தனை மணி என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டவருக்கு மட்டும் ஐயமே இராது, கிளெய்ம் வரும்வரை.

பெயரிலாக் கேடே அளவிற் பெரிது. சூடான சரக்கை ஏற்றிவிட்டு யூனிட் குளிர்விக்கும் என்று காத்திருப்பது இதில் ஒன்று. யூனிட் இருக்கும் குளிரைக் காக்குமே தவிர, சரக்கைப் புதிதாகக் குளிர்விக்க அமைந்ததன்று. கூரைவரை பெட்டி அடுக்கிக் காற்றின் வழியை அடைப்பது இன்னொன்று. கதவு ரப்பர் கிழிவது, காயிலில் பனி மூடுவது, சென்சார் பொய் சொல்வது, டீசல் மிச்சம் பிடிக்க வழியில் யூனிட்டை அமர்த்திவிட்டு ஊர் நெருங்கும்போது ஓடவிடுவது எல்லாம் இந்த இனமே. கடைசியானதற்கு முன்பெல்லாம் சாட்சி இல்லை. இப்போது டேட்டா லாகர் இருக்கிறது, அது டீ குடிக்க இறங்குவதில்லை. தேனி வாழைக்காய் தனி விலக்கு. அதற்கு 13 டிகிரி போதும். நல்லது செய்வதாக 4-இல் வைத்தால் தோல் கருத்துவிடும். யூனிட் பழுதின்றி வேலை செய்து கெடுத்த கேடு இது ஒன்றே.

இனிப் பராமரிப்பு. தனி டீசல் எஞ்சின் உள்ள யூனிட் லாரி நின்றாலும் ஓடும். ஆகவே அதற்குக் கிலோமீட்டர் அல்ல, எஞ்சின் மணியே கணக்கு. மணிபார்த்து ஆயில் மாற்றுபவர் உத்தமர். எஃப்.சி. வரும்போது பார்ப்பவர் மத்திமர். நின்றபின் பார்ப்பவரை நூலோர் வகைப்படுத்தவில்லை, அவர்தான் பெரும்பான்மை. கிளெய்ம் என்றதும் சர்வேயர் முதலில் சர்வீஸ் நோட்டைக் கேட்பார். ஒரு வருடக் குறிப்பும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதப்பட்ட நோட்டு ஒன்று உண்டு. அதைப் புனைகதை வகையில் சேர்ப்பது மரபு; அதில் பொங்கலன்றும் பட்டறை திறந்திருந்து பெல்ட் மாற்றியிருப்பார்கள்.