பாதிக் கிணறு

எங்கள் மனையில் ஒரு கிணறு இருக்கிறது. நான் அதைப் பார்த்ததில்லை. 2009-இல் மனையை எனக்கு விற்றவரும் பார்த்ததில்லை. அஸ்திவாரத்துக்கு நூல் பிடிக்க வந்த மேஸ்திரி நாலு இடத்தில் கடப்பாரை போட்டுப் பார்த்துவிட்டு, "கெட்டி மண்ணு சார், கவலையே வேணாம்" என்றார். ஆனால் எங்கள் ஊர் நகரமைப்புப் பிரிவுக்குக் கிணறு தெரிகிறது. மனைப் பக்கமே வராமல், மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தபடியே தெரிகிறது. ஞானதிருஷ்டி என்று புராணத்தில் படித்திருக்கிறேன். அதற்கு அகவிலைப்படியும் உண்டு என்பது இப்போதுதான் தெரிந்தது.

நான் செய்தது ஒன்றே ஒன்று. வீடு கட்ட அனுமதி கேட்டேன்.

கேட்டிருக்கவே கூடாது என்று எதிர்வீட்டுக்காரர் முதல் இஸ்திரி வண்டிக்காரர் வரை எல்லோரும் சொன்னார்கள். நான் செய்தித்தாள் படிக்கிறவன். 2024 ஜூலையில் அரசு சுயசான்றுத் திட்டம் கொண்டுவந்தபோது அந்தச் செய்தியைக் கத்தரித்து டைரியில் வைத்தவன். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால் ஆய்வும் கிடையாது, அலைச்சலும் கிடையாது, கணினியில் போட்டவுடன் கையில் அனுமதி. நல்ல திட்டம்தான், கிண்டல் இல்லை. எனக்கு இரண்டு பிள்ளைகள். ஆளுக்கொரு மாடி, எங்களுக்குக் கீழே என்று மூன்று தளம் கேட்டேன். முக்கால் கிரவுண்டில் ஒரு தளம் கூடியதும் அந்தக் கதவு சாத்திக்கொண்டது. இரண்டாவது பிள்ளையைப் பெற்ற காலத்திலேயே யோசித்திருக்க வேண்டும்.

எனவே பழைய வழி. கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, காலிமனை வரி ரசீது, மனையை வரன்முறை செய்த ஆணை, பதிவு பெற்ற இன்ஜினீயர் கையெழுத்திட்ட வரைபடம், மழைநீர் சேகரிப்புக் குழி எங்கே வரும் என்று காட்டும் படம். இவற்றோடு புலப்படம். எஃப்.எம்.பி. என்றால்தான் ஆபீஸில் புரியும். அந்தப் படத்தில், என் மனையும் பக்கத்து மனையும் சேருகிற கோட்டின் மேல், பேனா முனை பட்டதுபோல ஒரு சின்ன வட்டம். ஜெராக்ஸ் கடைக் கறை என்றே நினைத்திருந்தேன்.

போர்ட்டலில் 30 நாள் என்று போட்டிருந்தது. இருபத்தெட்டு நாள் அமைதி. இருபத்தொன்பதாம் நாள் மாலை ஐந்தரைக்கு ஒரு கேள்வி வந்து விழுந்தது: 'மனையில் கிணறு உள்ளது. விளக்கம் தேவை.' கேள்வி விழுந்தால் கடிகாரம் நின்றுவிடும். பதில் போட்டால் மறுபடி ஒன்றாம் நாள். எல்லாம் ஆன்லைன்தான், நேரில் யாரையும் பார்க்க வேண்டியதில்லை என்பார்கள். அதற்காகவே நேரில் போனேன்.

"சார், இங்க வெல் ஒண்ணு இருக்கே."

"இல்லைங்க. எந்தக் காலத்துலயோ தூர்த்துட்டாங்க. வயலா இருந்த இடம்."

"தூர்த்ததுக்கு ஆர்டர் இருக்கா?"

"யாரு தூர்த்தாங்கன்னே தெரியாதுங்க."

"அப்ப கிணறு இருக்கு."

இந்தத் தர்க்கத்தை உடைக்க நான் பத்து நாள் முயன்றேன். நியாய சாஸ்திரம் படித்த யாராவது முயன்று பார்க்கலாம். வந்து பாருங்கள், ஆட்டோ நான் பிடிக்கிறேன் என்றேன். "கிணறு இருக்கான்னு பார்க்க வரணும்னா, கிணறு இல்லைன்னு முதல்ல சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க" என்றார். சான்று கேட்டு வி.ஏ.ஓ.விடம் போனேன். அந்தச் சர்வே எண் டவுன் சர்வேக்குப் போய்விட்டது, தன் கணக்கில் இல்லை என்றார். டவுன் சர்வேயரோ கிணறு பழைய படத்தில்தான் இருக்கிறது, பழைய படம் தாலுகா ஆபீஸ் சமாசாரம் என்றார். தாலுகா ஆபீஸில், கட்டடம் என்றால் நகராட்சியைப் பாருங்கள் என்றார்கள்.

வடிவேலு ஒரு படத்தில் ரசீதுகளைத் தூக்கிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போய்க் கிணற்றைக் காணோம் என்று புகார் கொடுப்பாரே, ஊரே சிரித்ததே, அதே நிலைமைதான். காகிதத்தில் கிணறு, தரையில் இல்லை. அவர் கிணறு வேண்டும் என்று கேட்டார், நான் வேண்டாம் என்கிறேன். அவ்வளவுதான் வித்தியாசம். அதைத் திரையில் பார்த்தபோது நகைச்சுவை என்று நினைத்தேன். ஆவணப்படம்.

வட்டம் கோட்டின் மேல் இருக்கிறது என்றேன் அல்லவா? அப்படியானால் பாதிக் கிணறு பக்கத்து மனையிலும் இருக்க வேண்டும். அங்கே கீழே ஒரு பேக்கரி, மேலே இரண்டு மாடி, மொட்டைமாடியில் தகரக் கொட்டகை. பக்கவாட்டில் விட வேண்டிய இடம் என்று விதிகளில் ஒன்று உண்டு. அங்கே அவர் அடுப்பு வைத்திருக்கிறார். அவருடைய சன்ஷேடு என் மனைக்குள் ஒன்றரை அடி நீண்டு நிழல் தருகிறது. அனுமதி வாங்கினீர்களா என்று ஒருநாள் கேட்டேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு ஒரு தேங்காய் பன் கொடுத்தார். அவர் மனுப் போடவில்லை. மனு இல்லையென்றால் புலப்படத்தை யாரும் பிரிக்க மாட்டார்கள். பிரிக்காத படத்தில் வட்டம் இல்லை, வட்டம் இல்லாத இடத்தில் கிணறு இல்லை. ஆக, அந்தக் கிணற்றில் பேக்கரிப் பாதி தூர்ந்துவிட்டது. என் பாதி மட்டும் ஜில்லென்று தண்ணீரோடு கிடக்கிறது. இதில் இன்னொரு அழகு, அந்தக் கட்டடத்துக்குச் சொத்து வரி வாங்குவதும் இதே நகராட்சிதான். வரி போடுகிற மேசைக்குத் தெரிகிற மூன்று தளம், நாலு மேசை தள்ளி இருக்கும் நகரமைப்புக்குத் தெரியவில்லை.

எதிரே நிற்கிற கட்டடம் தெரியாத கண்ணுக்கு இல்லாத கிணறு எப்படித் தெரிகிறது என்று எனக்கு ராத்தூக்கம் போனது. பிறகு யோசித்தால், இது எங்கள் நகராட்சியின் தனித்திறமை ஒன்றும் இல்லை. நம் அரசாங்கங்களின் பரம்பரைப் பார்வையே இதுதான். நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது. கரை இருக்கிறது, ஏரியைக் காணோம். அந்த ஏரிப் பகுதியில்தான் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழும்பியது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. அங்கே நின்று ஏரியைப் பார்க்க முயன்றால் தெரிவது எதிர்வீட்டுக் கொடியில் காயும் லுங்கி. 1920-களில் 'நீண்ட ஏரி' என்ற ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரையே உண்டாக்கினார்கள். முகப்பேரில் வீட்டுவசதி வாரியம் கூச்சமே படாமல் 'ஏரித் திட்டம்' என்றே பெயர் வைத்தது. கொலை செய்த இடத்தில் கொலையுண்டவர் பெயரில் நகர் திறப்பது என்றால் இதுதான். மதுரையில் கண்மாய் ஆக்கிரமிப்பு வழக்குகளை விசாரிக்கிற உயர் நீதிமன்றக் கிளையே உலகநேரிக் கண்மாய் கிடந்த இடத்தில்தான் 2004 முதல் வீற்றிருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பில் மாநகராட்சி பல்லாண்டுகளாகக் குப்பை கொட்டியதை ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அலை அடித்த ஏரிகள் எதுவும் எந்தக் கோப்பிலும் யார் கண்ணையும் உறுத்தவில்லை. என் பாதிக் கிணறு உறுத்துகிறது.

சரி, கேட்காமல் கட்டியவர்களுக்கு என்னதான் தண்டனை? அதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: வரன்முறை. காதில் விழும்போதே திருநீறு பூசியதுபோல் இருக்கிறது. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் என்று ஒன்று உண்டு. 1999-இல் அதில் 113-ஏ என்ற பிரிவு நடைமுறைக்கு வந்தது. விதி மீறிக் கட்டியவர்கள் பணம் கட்டினால் பாவம் கழியும், ஆனால் இந்த ஒரே ஒரு முறைதான் என்றார்கள். 2000-இல் இன்னொரு ஒரே ஒரு முறை. 2001-இல், 2002-இல் அதே ஒரே ஒரு முறை. குடிகாரன் கடைசி ரவுண்டு என்று சொல்வதுபோல. நீட்டித்தது செல்லாது என்று 2006-இல் உயர் நீதிமன்றம் தலையில் கொட்டியது. கொட்டின் வலி மறந்ததும் 113-சி வந்தது. 2007 ஜூலை 1 வரை மீறியவர்கள் இந்தப் பக்கமாக வரவும். மனைகளுக்கும் இதே கதைதான். அங்கீகாரமற்ற மனைகளைப் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை போட்டது, 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன, கெடு ரப்பர்போல நீண்டுகொண்டே போனது. அந்த வரிசையில் நானும் நின்று பணம் கட்டியவன்தான். வயலை வெட்டி மனை போட்டு விற்றுக் காசு பார்த்தவர் செய்த பாவத்தை, வாங்கிய நான் கழுவினேன். அப்போது என் மனையை அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்துத்தான் ஆணை கொடுத்தார்கள். அன்றைக்குக் கிணறு இல்லை. பணம் கட்டும்போது மனை, வீடு கட்டும்போது கிணறு.

என் இன்ஜினீயர் நல்லவர். ஒருநாள் டீக்கடைக்கு அழைத்துப் போய், "சார், கிணறு மூட ஒரு ரேட் இருக்கு" என்றார். மேலே வரைக்கும் போக வேண்டுமாம். மேலே என்றால் எது வரை என்று கேட்டேன். அவர் டீக்கடைக் கூரையைப் பார்த்தார். தொகை ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மி. "முழுக் கிணறுன்னா இன்னும் கேட்பாங்க, உங்களது பாதிதானே" என்று ஆறுதலும் சொன்னார். அந்தப் பணத்துக்கு எனக்குத் தேவையான ஆழத்தில் நிஜமாகவே ஒரு கிணறு வெட்டி, மூடி, மறுபடியும் வெட்டலாம்.

நான் கொடுக்கவில்லை. வீரம் என்று யாரும் மாலை போட வேண்டாம். பயம். 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, கொடுக்கிறவனும் குற்றவாளி என்று ஆக்கிவிட்டார்கள். கட்டாயப்படுத்திப் பிடுங்கினார்கள் என்றால் ஏழு நாளுக்குள் போய்ப் புகார் சொல்ல வேண்டும். கழுத்தில் கத்தி வைத்தவன் யாரென்று சொல்ல எனக்கு ஏழு நாள் கெடு. கத்தியை எடுக்க அவனுக்குக் கெடு கிடையாது. புகார் சொன்னால் ரசாயனம் தடவிய நோட்டு, இளஞ்சிவப்பாக மாறும் விரல், மறுநாள் தினசரியில் முகத்தை மூடிய படம், சில மாதம் சஸ்பெண்ட். பிறகு அதே மேசை, அதே விரல், சோப்புப் போட்டுக் கழுவியது. அந்த மேசையின் முன்னால் மறுபடி நிற்கப் போவதும் நான்தான். சாக்கடை இணைப்பு பாக்கி இருக்கிறதே.

'விதி எல்லாம் மக்கள் பாதுகாப்புக்குத்தான் சார்' என்று ஒருநாள் அந்த ஆபீஸில் எனக்கு வகுப்பு எடுத்தார்கள். அதைக் கேட்டபோதுதான் சிரிப்பு நின்று உடம்பு நடுங்கியது. 2014 ஜூன் 28. போரூர் ஏரிக்குப் பக்கத்தில், மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழை மாலையில் உட்கார்ந்தது. 61 பேர் செத்தார்கள். பெரும்பாலும் பிழைக்க வந்த கூலிகள். பலர் ஆந்திராவின் ஏதோ கிராமத்துக்கு மூட்டையாகத் திரும்பிப் போனவர்கள். அந்தக் கட்டடத்துக்கு அனுமதி இருந்தது! முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது. பக்கத்தில் நின்ற அதன் ஜோடியை 2016 நவம்பரில் வெடி வைத்து மூன்று விநாடியில் தகர்த்தபோது ஜனங்கள் மொட்டைமாடியில் நின்று செல்போனில் படம் பிடித்தார்கள். பதினோரு மாடியின் கீழே மண் தாங்குமா என்று கேட்கத் தோன்றாத அதே நிர்வாகம் என் பேரக்குழந்தை தவறி விழுந்துவிடக்கூடிய, இல்லாத கிணற்றின் மேல் கவலைப்படுகிறது. அடப்பாவிகளா, எந்த வாயால் பாதுகாப்பு என்கிறீர்கள்?

கடைசியில் பத்து ரூபாய் செலவழித்தேன். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு. கிணற்றின் ஆழம் என்ன, கடைசியாக அளந்தவர் யார், எந்தத் தேதியில் அளந்தார், பக்கத்து மனையிலுள்ள மீதிப் பாதிக்கு என்ன நடவடிக்கை? 30 நாளில் பதில் வந்தது: 'கோரிய தகவல் இவ்வலுவலகத்தில் இல்லை.' கிணறு இருக்கிறது, தகவல் இல்லை. மேல்முறையீடு எழுதி உறையில் போட்டு ஒட்டுவதற்குள் கோப்பு தானாக நகர்ந்தது. வீட்டுக்கு மனு போட்ட ஒன்பதாவது மாதம் அனுமதி வந்தது. சுகப் பிரசவம் என்று வீட்டில் கேசரி கிளறினார்கள்.

கேசரி சாப்பிட்டுக்கொண்டே ஆணையைப் படித்தேன். இரண்டாம் பக்கம், நிபந்தனைகள், பதினான்காவது வரி: 'மனையிலுள்ள கிணற்றைத் தூர்க்காமல், கம்பி வலையிட்டு முறையாகப் பராமரிக்க வேண்டும். பணி முடிந்ததும் கிணற்றின் புகைப்படம் தாக்கல் செய்யப்பட வேண்டும்.'

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். எனக்குப் பூதம் முதலிலேயே வந்து, சீல் குத்திவிட்டுப் போய்விட்டது. கிணறு இனிமேல்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் கிராமத்திலிருந்து கிணறு வெட்டுகிற பெரியவர் ஒருவரைக் கூட்டி வந்தேன். இடத்தைக் காட்டினேன். பாதி வட்டமாக இருந்தால் போதும், மீதிப் பாதி பேக்கரிக்குள் போகிறது என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சன்ஷேடு நிழலில் நின்று அடியால் அளந்தார். பிறகு கேட்டார்:

"தண்ணி வரணுங்களா, இல்ல கணக்குக்குப் போதுமா?"