கொடையில் ஒரு கேப்

கடம்பூர்ப் பக்கம் கோயில் கொடை என்றால் சாமியாடியை விட மைக்செட்காரருக்குத்தான் பதற்றம். குழாய் ஸ்பீக்கரில் நையாண்டி மேளம் உச்சத்துக்குப் போகும்போது 'டக்' என்று ஒரு வெட்டு. சாமியாடி தூக்கிய காலோடு நிற்பார். உடனே வயரை ஆட்டுவார்கள், ஆம்ப்ளிஃபயர் தலையில் தட்டுவார்கள், பாவம் ஜெனரேட்டரும் திட்டு வாங்கும். ஆனால் குற்றவாளி பென்டிரைவில் இருக்கிறான். எம்பி3 ஒலியை 1,152 சாம்பிள் கொண்ட துண்டுகளாக அடுக்கும். முன்னும் பின்னும் கொஞ்சம் மௌனத்தையும் சொருகும். ஒரே மேளத்தை நாலு டிராக்காக நறுக்கினால் ஒட்டுக்கு ஒட்டு அந்த மௌனம் பல்லிளிக்கும். பிளேயரில் இடைவெளியில்லாமல் ஓட்டும் 'கேப்லெஸ்' வசதி இருந்தால் போடலாம். ஒரு டிராக்கின் வாலில் அடுத்ததன் தலையைக் கலக்கும் கிராஸ்ஃபேட் போட்டாலோ ரெண்டு தாளமும் கட்டிப் புரளும். நறுக்காத ஒரே ஃபைலாகப் போடலாமே என்றால், "அதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி, சவுண்டக் கூட்டிருவோம்" என்கிறார் மைக்செட்காரர்.