தாத்தாவின் கேசட் பெட்டி

கேள்வி: தாத்தா விட்டுப்போன பெட்டியில் மதுரை மணி ஐயர், காருகுறிச்சி அருணாசலம் கச்சேரி கேசட்டுகள். பூஞ்சை பிடித்திருக்கிறது. போட்டுக் கேட்கலாமா?
— ஒரு வாசகர், வேடசந்தூர்

பதில்: அவசரப்படாதீர்கள்! பூஞ்சையோடு ஓட்டினால் டேப்ரெக்கார்டர் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் தாவும். விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து முதலில் சுத்தம் செய்யுங்கள். ஒட்டிப்போன சிலவகை ஸ்பூல் டேப்புகளை 50 டிகிரிக்குச் சற்று மேலே மணிக்கணக்கில் சூடாக்கி மீட்பார்கள்தான். அதற்காக உங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் வடகத்தோடு சேர்த்துக் காயப்போட்டுவிட வேண்டாம்.

கேசட்டைக் கணினிக்கு மாற்றும்போது வேகம்தான் பெரிய வில்லங்கம். டேப் 6 சதவீதம் கூடுதலாக ஓடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். 1968-இல் மறைந்த மணி ஐயரின் சுருதியை இப்போது உயர்த்த நமக்கு ஏது அதிகாரம்?

இரைச்சல் நீக்கும் மென்பொருளிடம் முழுப் பொறுப்பையும் விட்டால், தம்புராவையும் இரைச்சல் கணக்கில் சேர்த்துத் துடைத்துவிடும். முன்வரிசை இருமலும் ‘பலே’யும் இருந்துவிட்டுப் போகட்டும், அதில் ஒன்று தாத்தாவுடையதாகக்கூட இருக்கலாம்.

அட்டையில் அவர் எழுதிய தேதி, ஊர், பக்கவாத்தியம் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். பெயரில்லாத தோடிக்கு நாலு வித்வான்களின் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். பத்திரப்படுத்த வேவ் கோப்பு. எம்பி3 எல்லாம் மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப மட்டும்.