பம்பருக்கு வந்த பெயர்ச்சி

என்னா மாப்ள, திருநள்ளாறுல வண்டிய நிறுத்திட்டு சாமி கும்புடப் போனியாம், வந்து பாத்தா பம்பர் தொங்குச்சாம், இடிச்சவன் கம்பி நீட்டிட்டானாம். வெசனப்படாத. சனி தொலையணும்னு எங்கேருந்தோ வந்தவன், நளதீர்த்தத்துல முழுவியும் கரையாத மிச்சத்த உன் பம்பருல எறக்கி வச்சிட்டுப் போயிட்டான்.

நீ செஞ்சதுதான் அதவிட அழகு. தெருவே கேக்குறாப்புல வஞ்ச. அப்பறம் வண்டியப் பளபளன்னு கழுவிட்ட. தடயத்த அழிக்கிற வேலைய அவனுக்கு மிச்சம் வைக்காம நீயே செஞ்சிட்டியே, தங்கம்!

அடுத்தவாட்டி வண்டிய நவுத்தாம போட்டோ எடு. ஒட்டியிருக்குற பெயிண்டையும் விடாத. கடைவாசல்ல கேமரா இருக்கான்னு அன்னிக்கே கேளு, நாளாச்சுன்னா பதிவு அழிஞ்சு போவும். நம்பர் மட்டும் சிக்கட்டும்: பிஒய் 02ன்னா நம்மூர்க்காரன், டிஎன் 51 நாகப்பட்டினம், 82 மாயவரம்.

அப்பறம் ஸ்டேஷன். எழுதிக் குடுத்துட்டு ரசீத வாங்கிக்க. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 134ஆவது பிரிவுப்படி, இடிச்சவன் 24 மணி நேரத்துக்குள்ள தானா போயி சொல்லணும். சொல்லலைன்னா 187ஆவது பிரிவு: 6 மாசம் வரைக்கும் உள்ள, இல்ல 5,000 ரூபா வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்தும் கெடைக்கும்.

இன்சூரன்ஸா? நீ கட்டுனது வெறும் தேர்டு பார்ட்டின்னா, உன் பம்பருக்குப் பைசா தேறாது. ஆள் சிக்குனா அவன் தேர்டு பார்ட்டிதான் உனக்கு அழுவணும். ஃபுல் இன்சூரன்ஸ்னா சர்வேயர் பாக்குற வரைக்கும் ஒரு நட்டக்கூடக் கழட்டாத. சின்னக் கீறலுக்கு க்ளெய்ம் போடுறதுக்கு முந்தி கணக்குப் போடு: அஞ்சு வருஷம் க்ளெய்மே போடாதவனுக்கு 50 சதவீதம் தள்ளுபடி. ஒரு க்ளெய்ம்ல அது அம்புட்டும் காலி. சுண்டைக்கா கால் பணம், சுமகூலி முக்காப் பணம்!

இடிச்சிட்டு ஓடுனா கவர்மெண்டு காசு குடுக்குமாமேன்னு கேக்குற. குடுக்கும்: செத்தா 2 லட்சம், பெருங்காயம்னா 50,000. பம்பருக்கு இல்ல.

சரி, மாங்கனித் திருவிழாவுல மாடியிலேருந்து சனம் மாம்பழம் எறிஞ்சப்ப, அண்ணாந்துகிட்டே ரிவர்ஸ் எடுத்து ஒரு ஸ்கூட்டரச் சாச்சிட்டு நைசா நழுவுனது யாரு? அந்த ஸ்கூட்டர்காரன் எங்கிட்டதான் வந்து விசாரிச்சான். 134 உனக்கும் சேத்துத்தான் மாப்ள. மொதல்ல அவன் கண்ணாடிக்குக் காசக் குடுத்துட்டு வா. உன் பம்பருக்கு நானே வர்றேன் ஸ்டேஷனுக்கு.