மலைக்கு வந்தும் மனைக்கு வாராமை: ஓர் ஆய்வு

பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை வந்துவிட்டு, உள்ளூர் நண்பரிடம் மூச்சுவிடாமல் சென்னை திரும்புவோர் எழுதும் சமாதானங்களே இவ்வாய்வின் மூலப்பொருள். முன்பு இவை அஞ்சலட்டையில் வந்தன, இப்போது வாட்ஸ்அப்பில்.

சான்றைக் கொடுப்பவர் பெரும்பாலும் குற்றவாளியேதான். ராஜகோபுரத்தின் முன் நின்று செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸில் வைக்கிறார். கோபுரமோ 217 அடி. வேறு ஊர் என்று சாதிக்க இயலாது. உடனே உள்ளூரிலிருந்து முதல் மடல் கிளம்புகிறது:

"சாமி உனக்குப் பத்திரிகை வெச்சாரா மாப்ள? நம்ம வீட்டுக்கு மட்டும் தட்டு தாம்பாளத்தோட வந்து அழைக்கணுமோ? எட்டு லிங்கத்துக்கிட்டயும் நின்ன கால், எங்க வாசல்ல நிக்காதா?"

"கோயிலுக்குப் போனா நேரா வீட்டுக்குத்தான் வரணும்னு அம்மா சொல்லியிருக்காங்க மச்சி. இல்லன்னா புண்ணியம் உங்க வீட்லயே தங்கிடுமாம்."

"பாதிப் புண்ணியத்தை பரோட்டாக் கடையில வெச்சிட்டுத்தானே போன? ஸ்டேட்டஸ்ல அதுவும் இருக்கு."

இதற்குப் பதில் வந்ததாகத் தரவு இல்லை. "சிக்னல் இல்ல" என்னும் சமாதானத்தை மட்டும் ஏற்கலாம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் நடக்கும் இரவில் அது உண்மையாகவும் இருக்கக்கூடும்.

உள்ளூர்க்காரரின் கோபத்தைச் சில்லறை என்று தள்ளுவோர் இவ்வூரை அறியாதவர். ஊடலுக்கென்றே இங்கு ஒரு தெரு உண்டு. தை 2ஆம் நாள், மாட்டுப் பொங்கலன்று, திருவூடல் தெருவில் அது விழாவாகவே நடக்கிறது. அம்மனை வணங்காத பிருங்கி முனிவருக்குக் காட்சி தர அண்ணாமலையார் கிளம்ப, உண்ணாமுலை அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குத் திரும்பிக் கதவடைக்கிறார். சுவாமிக்கு அன்றிரவு குமரக்கோயில்தான் கதி. மறுநாள் தனியே கிரிவலம், பிறகே மறுவூடல். ஆக, உரியவரை விட்டுவிட்டு மலை சுற்றியோர் பட்டியலில் முதற்பெயர் அண்ணாமலையாருடையது என்பது எமது துணிபு.

இடையில் தூது போகிறவர் சுந்தரர். திருவாரூரில் இவர் மனைவி பரவையாரைச் சமாதானப்படுத்த இறைவனே அவருக்காகத் தூது நடந்தாரல்லவா, அந்தக் கடன்.

நம் நண்பர்களுக்குத் தூது போனவர் பள்ளித் தோழர் ஒருவர். அவரும் அதே பௌர்ணமிக்குச் சத்தமில்லாமல் வந்துபோனவர் என்பது பிற்பாடு வெளிப்பட்டது. ஆயினும் தூது பலித்தது:

"அடுத்த பௌர்ணமிக்குக் கண்டிப்பா வீட்டுக்கு வர்றேன் மச்சி."

"அன்னிக்கு நாங்க இருக்கமாட்டோம் மாப்ள. மெட்ராஸ்ல ஒரு கல்யாணம். மண்டபம் உன் வீட்டுக்குப் பின்தெருதான். முகூர்த்தம் முடிஞ்சதும் நேரா ஊருக்குக் கிளம்பணும்னு எங்கம்மா சொல்லியிருக்காங்க."